தன்னம்பிக்கையும் ஊர்க் கணக்கும்: வளரிளம் பெண்களுக்கான சமூகக் கல்வி பற்றி

வளரிளம் பெண்களுக்கான திட்ட அறிக்கைகளில் ‘தன்னம்பிக்கை வளர்த்தல்’ என்ற தொடர் தவறாமல் இடம்பெறும். அதன் பின்னால் ஒரு முன்முடிவு இருக்கிறது. குறை அந்தப் பெண்ணிடம்தான்; கூச்சத்தைப் போக்கி, உரிமைகளைச் சொல்லிக்கொடுத்து, நாலு பேர் முன் பேசப் பழக்கிவிட்டால் மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள் என்பது அது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணின் படிப்பும் திருமணமும் பெரும்பாலும் அவள் கையில் இல்லை. முடிவெடுப்பவர்களின் கணக்கு மாறாதவரை, அவளுக்கு மட்டும் ஊட்டப்படும் துணிச்சல் அவளைத் தன் வீட்டாரோடு தனியே மோதவிடும்.

வங்கதேசத்தின் தென்பகுதிக் கிராமங்களில் 2000-களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘கிஷோரி கோந்தா’ திட்டம் இதைச் சோதித்துப் பார்க்க அரிய வாய்ப்பளித்தது. சில ஊர்களில் பெண் பிள்ளைகள் குழுவாகக் கூடிப் படித்தார்கள். பாடத்தோடு உடல்நலம், உரிமை, பணம் கையாளுதல் ஆகியவற்றை அவர்களில் பயிற்சி பெற்ற ஒருத்தியே நடத்தினாள். வேறு சில ஊர்களில், 15 முதல் 17 வயதுவரையுள்ள பெண் திருமணமாகாமல் இருந்தால், 18 நிறையும்வரை நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவள் குடும்பத்துக்குச் சமையல் எண்ணெய் வழங்கப்பட்டது. ஆண்டுக்கு அதன் மதிப்பு சுமார் 16 டாலர். எரிக்கா ஃபீல்ட், ரேச்சல் கிளென்னர்ஸ்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டு ஆண்டுகள் எண்ணெய் பெறும் தகுதி இருந்த பெண்களிடையே 18 வயதுக்கு முந்தைய திருமணம் 19 விழுக்காடு குறைந்திருந்தது. குழுக்கல்வியோ இளவயதுத் திருமணத்தைக் குறைக்கவில்லை.

எண்ணெய்க்கு ஆசைப்பட்டு மகளை வீட்டில் வைத்துக்கொண்டார்கள் என்று இதைப் படிப்பது அந்தப் பெற்றோருக்குச் செய்யும் அநீதி. பெண்ணுக்கு வயது ஏற ஏற வரதட்சணையும் ஏறும் ஊர்கள் அவை. மகளைக் காலத்தோடு கட்டிக்கொடுக்காத வீட்டைப் பற்றி ஊர் வாய் சும்மா இருக்காது. திருமணத்தைத் தள்ளிப்போட்டால் பெண் அடக்கமானவள் இல்லையோ என்ற ஐயம் மாப்பிள்ளை வீட்டாருக்கு எழும். அந்த அச்சமே நல்ல எண்ணமுள்ள பெற்றோரையும் அவசரப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பலர் சேர்ந்து தள்ளிப்போட்டால் அந்த ஐயத்துக்கு வலு குறைந்துவிடும். எண்ணெய் பெறத் தகுதியில்லாத பெண்கள் சிலரின் திருமணமும் தள்ளிப்போனது இதற்குச் சான்று. என் வாசிப்பில், அந்த எண்ணெய் தகப்பனுக்கு ஒரு பதிலைத் தந்தது. வரன் கொண்டுவந்தவரிடம் “இன்னும் ஒரு வருஷம் போகட்டும்” என்று சொல்ல, ஊர் ஏற்கும் ஒரு காரணம் அவருக்குக் கிடைத்தது. குழுவில் தன் உரிமையைக் கற்று வந்த மகளுக்கு அப்படியொரு பதிலைத் தகப்பன் கையில் கொடுக்க வழியில்லை.

இதற்கு நேர்மாறான சான்றாக உகாண்டாவைக் காட்டுவார்கள். அங்கே பிராக் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய பெண்கள் மன்றங்கள் இருந்த ஊர்களில், நான்கு ஆண்டுகளில் பதின்ம வயதுக் கர்ப்பம் 34 விழுக்காடும், இளவயதில் திருமணமோ சேர்ந்து வாழ்தலோ தொடங்குவது 62 விழுக்காடும் குறைந்தன. பெரிய வெற்றிதான். ஆனால் அந்த மன்றங்கள் அறிவுரையோடு நிற்கவில்லை, கைத்தொழிலும் கற்றுத்தந்தன. இளம்பெண்கள் தாங்களாகவே துணையோடு சேர்ந்து வாழத் தொடங்குவதும் அங்கே பரவலாக உண்டு; ஆகவே பெண் மனம் மாறினால் முடிவும் மாற இடமிருந்தது. இதே மன்ற மாதிரி தான்சானியாவில், பயிற்சிப் பொருளும் இடவசதியும் குறைவாக இருந்த நிலையில், பலன் தரவில்லை. சாம்பியாவில் இரண்டு ஆண்டுகள் வாராவாரம் கூடிய குழுக்கள் பெண்களின் அறிவையும் சேமிப்புப் பழக்கத்தையும் ஓரளவு உயர்த்தின. திருமணத்தையோ கர்ப்பத்தையோ அசைக்கவில்லை. வறுமை அப்படியே இருந்தது.

அப்படியானால் தன்னம்பிக்கைப் பயிற்சியே வீணா? புதுக்கோட்டை இந்தக் கேள்விக்கு வேறொரு பதில் வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவுப் பணியோடு சேர்த்தார். குமரிப் பெண்கள் முதல் கல்குவாரித் தொழிலாளர்கள்வரை கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தொடக்கத்தில் கேலியும் ஆபாசப் பேச்சும் இல்லாமல் இல்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்நிகழ்வை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றார்கள் என்கிறார் அவர். அவர் தரும் இன்னொரு எண்தான் எனக்கு முக்கியம்: கற்றவர்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரறிய நடந்த சைக்கிள் போட்டிகளில் கலந்துகொண்டார்கள்.

அங்கே தன்னம்பிக்கை மூடிய அறையில் பாடமாக நடத்தப்படவில்லை. ஊர் பார்க்க, பலர் சேர்ந்து, ஒரு பயனுள்ள வேலையைச் செய்தார்கள். ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் அவள் பெயர் கெட்டிருக்கும். தெருவுக்குப் பத்துப் பேர் ஓட்டும்போது யார் பெயரைக் கெடுப்பது? தண்ணீர் எடுக்க, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக, வேலைக்கு நேரத்தோடு போய்ச்சேர என்று வீட்டுக்கும் அதனால் லாபம் இருந்தது. வங்கதேசத்து எண்ணெய் செய்த இரண்டு வேலைகளையும், அதாவது தாமதத்தைப் பொதுவாக்குவதையும் வீட்டுக்கு ஒரு காரணம் தருவதையும், புதுக்கோட்டையில் நடமாட்டத்தின் பொருட்டு சைக்கிள் செய்தது. 2006-இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தபோதும் இதுவே தெரிந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் ஆய்வின்படி, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 விழுக்காடு கூடியது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

தமிழக அரசு இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், படிப்பையும் 18 வயதையும் நிபந்தனையாக்கி, கல்யாணச் செலவு என்ற பெற்றோரின் கவலையோடு நேரடியாகப் பேரம் பேசியது. 2022-இல் அது ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாய் போகிறது. மணமேடைக்கான பணம் படிப்புக்கான பணமாகி, அவள் பெயரிலேயே வருவது நல்ல மாற்றம்.

ஆனால் பத்தாம் வகுப்பில் தோற்று வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண் இந்த வரையறைக்குள் வரமாட்டாள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-இன்படி தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18-க்கு முன்பே திருமணமானவர்கள். பள்ளியை விட்டவளுக்கே அந்த ஆபத்து மிக அருகில் இருக்கிறது. 2010-இல் அங்கன்வாடி வழியாக 11 முதல் 18 வயதுவரை அணுகிய மத்திய அரசின் ‘சப்லா’ திட்டமும், 2017-இல் மாற்றியமைக்கப்பட்டபோது பள்ளிசாரா 11–14 வயதினரோடு சுருங்கியது. ஆகவே சமூகக் கல்வி இனி கவனிக்க வேண்டியது பள்ளியை விட்ட இந்தப் பெண்ணைத்தான். மறுதேர்வுக்கு மாலை வகுப்பு, ஊரிலேயே கற்கும் ஒரு தொழில், அவள் 18 வயதுவரை மணமாகாமல் படித்தால் வீட்டுக்கு ஒரு சிறு உதவித்தொகை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே பொறுப்பாளரின் கீழ் வேண்டும். திட்டத்தை மதிப்பிட வருபவர்கள் அவளிடம் “உனக்குத் தன்னம்பிக்கை கூடியிருக்கிறதா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவள் தாயிடமும் தகப்பனிடமும் போய், கடைசியாக வந்த வரனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.