கப்பல் வழியும் வள்ள வழியும்

உலக வாணிகத்தின் பெருவழிகளுள் ஒன்று நம் குமரி மாவட்டத்திற்குத் தெற்கே ஓடுகிறது. செங்கடலைக் கடந்து மலாக்கா நோக்கிச் செல்லும் கப்பல்கள், மினிக்காய்த் தீவுக்கும் மாலத்தீவுக்கும் இடைப்பட்ட எட்டாம் பாகைக் கால்வாய் வழியே வந்து, இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையைச் சுற்றிக் கிழக்கே போகின்றன. பாரசீக வளைகுடாவின் எண்ணெய்க் கப்பல்கள் பல, மினிக்காய்க்கு வடக்கே ஒன்பதாம் பாகைக் கால்வாய் வழியே வருகின்றன. மும்பையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சென்னைக்குச் செல்லும் பெருங்கப்பல்களும் குமரிமுனையைத் தாண்டி இலங்கையைச் சுற்றியே ஆகவேண்டும். ஆதாம் பாலத்தருகே கடல் சில மீட்டர் ஆழமே உள்ளதால், பாக் நீரிணை வழி அவற்றுக்கு அடைபட்டதாகவே இருக்கிறது.

இக்கடலே நம் மக்களின் தொழிற்களமும் ஆகும். குமரிமுனைக்குத் தெற்கே பரந்து கிடக்கும் 'வெட்ஜ் பாங்க்' என்னும் மீன்வளத் திட்டு, 1976 மார்ச்சில் இலங்கையுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தியாவுக்கு உரியதாயிற்று. நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களின் ஆழ்கடல் தொழிலாளர்களோ அத்துடன் நிற்பவர்கள் அல்லர். சுறாவையும் சூரையையும் தேடி, குஜராத் கடல்வரைக்கும் இலட்சத்தீவுகளுக்கு அப்பாலும் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். ஆகவே கப்பல் வழியும் வள்ள வழியும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வது நம் கடலில் அன்றாட நிகழ்ச்சி.

பழைய நாள்களில் நம் முன்னோர் கடலில் வழி கண்டது கணியம் பார்த்து. மருத்துவாமலையின் முகடும் ஓர் ஆலயக் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடம், வேறொரு குன்றும் வேறொரு கோபுரமும் சேரும் இடம் என்று இரண்டு கோடுகளை மனத்தில் கிழித்து, அவை வெட்டும் புள்ளியில் நீருக்கடியில் கிடக்கும் பாரைக் கண்டுபிடித்தார்கள். கரையிலிருந்த கோவிலுக்கு வழிபாட்டோடு இப்படியும் ஒரு பயன் இருந்தது. முட்டம் பாறையின்மீது ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த கலங்கரை விளக்கமோ கப்பல்காரரை மனத்திற்கொண்டு எழுந்தது. கரையை விட்டு விலகிப் போ என்பதே அதன் செய்தி. கப்பல் விலகிப் போகும் அந்த நீரில் வலைபோட்டு இருப்பவனுக்கு அவ்விளக்கு என்ன சொல்லிற்று என்று அன்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கடல் போக்குவரத்தின் விதிகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பேரழிவுக்குப் பின்பே எழுதப்பட்டன. நீராவிக் கப்பல்கள் பெருகி மோதல்களும் பெருகியபோது, 1889-இல் வாஷிங்டனில் நாடுகள் கூடி வழிவிலகும் முறைகளை ஆராய்ந்தன. 1912-இல் டைட்டானிக் மூழ்கியது. 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை வந்தது. 1967 மார்ச் 18 அன்று 'டோரி கேன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே பாறையில் ஏறி, ஒரு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. எண்ணெய் மாசுக்கு யார் பொறுப்பு என்னும் 1969-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அந்தக் கறுத்த கடற்கரைகளிலிருந்தே பிறந்தன. அதே 1967-இல்தான் டோவர் நீரிணையில் போகும் கப்பலுக்கு ஒரு தடம், வரும் கப்பலுக்கு ஒரு தடம், நடுவே வெறுமையான ஓர் இடைவெளி என்று கடலைச் சாலைபோல் பிரித்தார்கள். தொடக்கத்தில் அது விருப்பத்தைப் பொறுத்த ஏற்பாடாகவே இருந்தது. 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த மோதல் தடுப்பு விதிகள் அதைக் கட்டாயமாக்கின.

அந்த 1972-ஆம் ஆண்டு விதிகளில் நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய இரண்டு உண்டு. பதினெட்டாம் விதி, இயந்திரத்தால் ஓடும் கப்பல், மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு வழிவிட்டு விலக வேண்டும் என்கிறது. வலையும் தூண்டிலும் கடலில் கிடக்க, படகு சட்டென்று திரும்ப முடியாது என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. பத்தாம் விதி தடம் பிரித்த கடலைப் பற்றியது. அங்கே மீன்பிடிக் கலம், தடத்தில் செல்லும் கப்பலின் போக்குக்கு இடையூறு செய்யலாகாது. அதாவது, திறந்த கடலில் ஏழைக்குத் தரப்பட்ட முன்னுரிமை, வரைபடத்தில் ஒரு கோடு விழுந்தவுடன் பெரிதும் குறைந்துவிடுகிறது. கோடு கூடாது என்று சொல்ல வரவில்லை. நெரிசல் மிகுந்த கடலில் கோடு உயிரைக் காக்கும் என்பதை டோவர் காட்டியிருக்கிறது. அந்தக் கோடு எங்கே விழுகிறது, யாரைக் கேட்டு விழுகிறது என்பதே நமக்குரிய கேள்வி.

விதி இருந்தும் உயிர்கள் போயின. 2012 மார்ச் 1 அன்று ஆலப்புழைக்கு அப்பால் 'பிரபு தயா' என்னும் கப்பல் ஒரு மீன்பிடிப் படகில் மோதியதில் ஐவர் மாண்டனர். 2018 ஆகஸ்ட் 7 விடியுமுன், முனம்பத்திலிருந்து தொழிலுக்குப் போன 'ஓஷியானிக்' என்னும் படகு சேற்றுவா கடற்பகுதியில் இடிபட்டு உடைந்தது. அதிலிருந்தவர்களுள் பெரும்பாலோர் நம் இராமன்துறை ஊரார். விசாரணை சுட்டிய கப்பல் 'தேஷ் சக்தி', நம் நாட்டுக் கொடி பறந்த எண்ணெய்க் கப்பல். 2021 ஏப்ரல் 13 அன்று மங்களூருக்கு அப்பால் சிங்கப்பூர்க் கொடியேந்திய 'ஏ.பி.எல். லெ ஆவர்' என்னும் சரக்குக் கப்பலோடு மோதி 'ரபா' என்னும் படகு கவிழ்ந்தது. அதிலிருந்த தமிழ்நாட்டவரும் மேற்கு வங்கத்தவருமான 14 பேரில் உயிரோடு மீட்கப்பட்டவர் இருவரே. ஒரே துறையிலிருந்து உறவினரும் அயலாரும் சேர்ந்து ஒரு படகில் போவது நம் வழக்கம். ஒரு மோதல் ஒரு தெருவையே துக்கவீடாக்கிவிடுவது அதனால்தான்.

கப்பலில் உள்ளவர் மனம் கல்லாகிவிட்டதா என்று கேட்கத் தோன்றும். உண்மை அதைவிடச் சிக்கலானது. நிறை பாரத்தோடு வேகமாக வரும் எண்ணெய்க் கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்த இயலாது. இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கினாலும் அது சில கிலோமீட்டர் ஓடியே ஓயும். கப்பலோட்டும் மேல்தளம் பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கிறது. முன்முனைக்கு நேர் எதிரே 500 மீட்டர் வரையிலும் கடற்பரப்பு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதைப் பன்னாட்டு விதியே ஒப்புக்கொள்கிறது. மரத்தாலும் கண்ணாடியிழையாலும் ஆன நம் படகுகள் ராடார் திரையில் தெளிவாக விழுவதில்லை. கொந்தளிக்கும் அலைகளுக்கிடையே அப்படியே மறைந்துபோகின்றன. எனினும் இவையெல்லாம் மாலுமிக்கு விலக்கு அளிக்கும் காரணங்கள் ஆகா. எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் பார்க்க வேண்டும் என்பது ஐந்தாம் விதி. மோதிய பின் நின்று உதவ வேண்டும் என்பது கடலின் பழஞ்சட்டம். நிற்காமல் போன கப்பல்களே நம் மக்களின் நெஞ்சில் ஆறாத புண்ணை உண்டாக்கின.

நம் பக்கத்துக் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். நாளெல்லாம் உழைத்த களைப்பில், ஒருவர்கூட விழித்திருக்காமல் அனைவரும் உறங்கும் படகுகள் உண்டு. விதிப்படியான விளக்கு இல்லாத படகுகளும் உண்டு. தன் பெயரையும் இடத்தையும் சுற்றியுள்ள கப்பல்களுக்குத் தானே அறிவிக்கும் அடையாளக் கருவி பெருங்கப்பல்களுக்குக் கட்டாயமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2012 முதல் நம் கலங்கரை விளக்கங்கள் பலவற்றில் அதைக் கேட்கும் நிலையங்களும் இயங்குகின்றன. ஆனால் நம் படகுகளில் அக்கருவி இன்னும் பரவலாகவில்லை. செலவு ஒரு காரணம். மீன்படும் இடம் பிறருக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் இன்னொன்று.

குற்றம் செய்த கப்பலை யார் விசாரிப்பது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1926 ஆகஸ்டில் ஈஜியன் கடலில் 'லோட்டஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல், துருக்கிய நிலக்கரிக் கப்பல் ஒன்றை இடித்தது. எட்டுத் துருக்கியர் இறந்தனர். கப்பல் இஸ்தான்புல் வந்ததும் பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி சிறைப்படுத்தியது. ஹேக் நகர நீதிமன்றத்தில் நடுவர்கள் சரிபாதியாகப் பிரிய, தலைவரின் வாக்கால் 1927-இல் துருக்கிக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. கப்பல் தொழிலினர் அதை ஏற்கவில்லை. 1952, 1958 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வழியாக அத்தீர்ப்பைப் புரட்டி, 1982-ஆம் ஆண்டு கடற்சட்டத்தின் 97-ஆம் பிரிவில் தம் கருத்தை நிலைநிறுத்தினர். இன்று 12 கடல் மைல் எல்லைக்கு அப்பால் நடக்கும் மோதலில், மாலுமியைத் தண்டிக்கும் உரிமை கப்பலின் கொடிக்குரிய நாட்டுக்கோ அவருடைய குடியுரிமைக்குரிய நாட்டுக்கோதான். செத்தவனுடைய நாட்டுக்கு இல்லை. நம்மவர் தொழில் செய்வது பெரும்பாலும் அந்த எல்லைக்கு அப்பால் என்பதை எண்ணினால், இச்சட்டத்தின் கனம் யார் தோளில் இறங்குகிறது என்பது விளங்கும்.

2020-இல் நடுவண் அரசின் கப்பல் துறை, தென்மேற்குக் கடலில் சரக்குக் கப்பல்களுக்கும் மீன்பிடிக் கலங்களுக்கும் வெவ்வேறு வழிகளை அறிவித்தது. ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல முயற்சி, காலம் தாழ்ந்ததாயினும். அதன்பின் எட்டு மாதங்கள் கழித்து நடந்ததே மேலே சொன்ன மங்களூர் மோதல். வழி வகுப்பதும் வகுத்த வழியில் கப்பல் செல்கிறதா என்று இரவும் பகலும் கண்காணிப்பதும் இரு வேறு வேலைகள். கண்காணிப்புக்கு ஆளும் வேண்டும், மீறியவருக்குத் தண்டனையும் வேண்டும். இங்கே தேவேந்திரமுனையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அக்கடலில் மேயும் நீலத் திமிங்கிலங்கள் கப்பல்களில் அடிபட்டு மடிகின்றன என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் எடுத்துரைத்தனர். 2022-இல் எம்.எஸ்.சி. என்னும் பெரும் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. படைப்பின்மீதுள்ள அக்கறையை மதிக்கிறோம். ஒரு திமிங்கிலத்துக்காக விலகக்கூடிய கோடு, ஒரு படகுக்காகவும் விலகக்கூடியதே.

அதே நிறுவனத்தோடு தொடர்புடைய 'எம்.எஸ்.சி. எல்சா 3', 2025 மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் செல்கையில் சாய்ந்து, மறுநாள் கேரளக் கடலில் மூழ்கியது. ஊழியர் 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். கப்பலில் இருந்தவை 640 சரக்குப் பெட்டகங்கள்; அவற்றுள் 13-இல் ஆபத்தான பொருள்கள். சில நாள்களில் வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் அலையோடு அலையாய் நம் கரைகளிலும் ஒதுங்கத் தொடங்கின. மணலில் கலந்துவிட்ட அவற்றைக் கையாலும் சல்லடையாலும் அரித்தெடுக்க வேண்டியிருந்தது. மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை வந்தது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தபோது, உயர்நீதிமன்றம் விழிஞ்ஞத்தில் நின்ற அந்நிறுவனத்தின் மற்றொரு கப்பலைத் தடுத்து வைக்க ஆணையிட்டது. கொடி எந்நாட்டினதாயினும், ஒரு கப்பலின் கடனுக்கு அதன் உடன்பிறப்பைப் பிடித்து வைக்கும் அதிகாரம் 2017-ஆம் ஆண்டின் இந்தியக் கடல்வழக்குச் சட்டத்தில் உண்டு. மாண்ட தொழிலாளியின் குடும்பத்தினரும் அதே சட்டத்தின் வாசலைத் தட்டலாம். ஆனால் கப்பல் நம் துறைமுகத்தில் நிற்கும் அந்தச் சில நாள்களுக்குள் தட்ட வேண்டும். அதற்கு வழக்கறிஞரும் பொருளும் வேண்டும்.

இப்போது விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகமாகிவிட்டது. 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று அது நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. நீரோடிக் கரைக்கு அது தொலைவன்று. முன்பு அடிவானத்தில் புள்ளியாய்ப் போன கப்பல்கள் இனி அருகிலேயே திரும்பும், நிற்கும், முறைகாத்து நங்கூரமிடும். அவற்றுக்கான வழிகளும் நங்கூர இடங்களும் வரைபடத்தில் குறிக்கப்படும்போது, எந்தப் பாரில் எந்த மாதம் எத்தனை வள்ளம் நிற்கும் என்ற கணக்கும் அம்மேசையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. நம் துறைகளில், கணியம் பார்த்த முதியவர்களின் நினைவிலும், இளைஞர்களின் ஜி.பி.எஸ். கருவிகளிலும் இருக்கிறது. பங்குப் பேரவைகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் ஊர்தோறும் அதை எழுதித் தொகுப்பதற்கு ஒரு பருவகாலத்து ஓய்வு நாள்கள் போதும்.