வீட்டில் எடுக்கும் கணக்கு: உயர்நிலை வகுப்பில் பாலினப் பாடம் மாணவர் கைக்கு வந்த வரலாறு

இந்தியப் பாடநூல்களில் பாலினம் எப்படி இடம்பெற்றது என்று ஆராய்கிறவர்கள் நரேந்திரநாத் கலியாவைத் தொடாமல் செல்வதில்லை. 1979இல் வெளிவந்த ‘செக்சிசம் இன் இந்தியன் எஜுகேஷன்’ என்னும் அவருடைய நூல், உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளின் ஆங்கில, இந்தி மொழிப் பாடநூல்கள் 41ஐ எடுத்து எண்ணிப் பார்த்தது. கதையின் முதன்மைப் பாத்திரம் ஆணா பெண்ணா, வாழ்க்கை வரலாறு யாருடையது, எந்தத் தொழிலில் யார் காட்டப்படுகிறார்கள் என்பவை அவருடைய கேள்விகள். முதன்மைப் பாத்திரங்களும் வரலாற்று நாயகர்களும் பெரும்பாலும் ஆண்களே என்றும், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தொழில்கள் சொற்பம் என்றும் விடை கிடைத்தது. பாடநூலில் பாகுபாடு இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவந்த குற்றச்சாட்டை எவரும் சரிபார்க்கக்கூடிய எண்ணாக மாற்றியது அவருடைய சாதனை. அதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை.

வேறுபாடு, அந்த எண்ணிக்கையிலிருந்து உருவாகி இன்றுவரை நிலைத்துவிட்ட வரலாற்றுப் பார்வையைப் பற்றியது. பாடநூலில் பெண்ணின் படம் மாறுவதே பாலினக் கல்வியின் வரலாறு என்று அந்தப் பார்வை கொள்கிறது. அதன்படி 1970களின் நூல்கள் இருட்டு. பெண் விமானியும் பெண் விஞ்ஞானியும் அச்சேறிய பிந்தைய நூல்கள் வெளிச்சம். மாறாக, உயர்நிலை வகுப்பைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் படத்தில் நிகழவில்லை, பாடத்தின் ஓரத்தில் அச்சிடப்பட்ட ஒரு செயல்பாட்டுப் பெட்டியில் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். மாணவரே தகவல் திரட்டி, வகைப்படுத்தி, வகுப்பின் முன் வைக்கும்படி கேட்கப்பட்ட இடம் அது.

கலியாவின் அலகும் அதன் எல்லையும்

கலியாவின் முதன்மை அலகுகள் பாத்திரம், தொழில், வாழ்க்கை வரலாறு என்ற மூன்று. பாடத்தைப் படித்தபின் மாணவர் என்ன செய்யவேண்டும் என்பது இவற்றுள் எதிலும் அடங்காது. ஆனால் நம் பள்ளிகளில் பாடம் உயிர்வாழ்வதே பாடத்தின் பின்பகுதியில்தான். கேள்வி, பயிற்சி, செயல்பாடு ஆகியவைதான் வகுப்பு நேரத்தைத் தின்கின்றன. தேர்வுக்குப் போகின்றவையும் அவையே. ஒரு நூலில் பாதிப் பாத்திரங்கள் பெண்களாக இருந்து, பயிற்சிகளெல்லாம் கோடிட்ட இடம் நிரப்புவதாகவே இருந்தால், கலியாவின் தராசில் அது தேறிவிடும். ஒரே ஒரு பெண் பாத்திரமும் இல்லாத பாடம், வீட்டில் தண்ணீர் பிடிப்பவர் யார் என்று ஒரு வாரம் குறித்துவரச் சொன்னால், அதே தராசில் அது தோற்கும்.

இரண்டாவது மறுப்பு, மாணவரை அவர் எங்கே நிறுத்துகிறார் என்பது குறித்தது. பாத்திரங்களை எண்ணும் முறைக்குள் மாணவர் பெறுபவர் மட்டுமே. நூல் பொய் சொன்னால் அவர் பொய்யை வாங்கிக்கொள்வார், உண்மை சொன்னால் உண்மையை வாங்கிக்கொள்வார். பதினைந்து வயதுப் பிள்ளை அப்படியல்ல. அம்மா எத்தனை மணிக்கு எழுகிறாள், அப்பாவின் தட்டை யார் எடுக்கிறார்கள், தங்கைக்கு மட்டும் ஏன் மாலை ஆறு மணிக் கெடுபிடி என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பாடநூலுக்கு முன்பே தெரியும். தெரிந்ததை வகைப்படுத்தவும் பொதுவில் பேசவும் ஒரு முறையைத்தான் பள்ளி தரவேண்டியிருந்தது.

மூன்றாவது மறுப்பு கலியாவுக்கு எதிரானதல்ல, அவரைப் பின்பற்றியவர்களுக்கு எதிரானது. அவர் எடுத்துக்கொண்டவை மொழிப் பாடநூல்கள். கதையும் கட்டுரையும் நிறைந்த அந்த நூல்களுக்குப் பாத்திர எண்ணிக்கை பொருந்தும். அதே அளவுகோலைச் சமூக அறிவியலுக்கும் நீட்டியபோதுதான் கோணல் தொடங்கியது. பாலினத்தையே பொருளாக எடுத்துப் பேசும் ஒரு பாடத்தில் எத்தனை பெண் பெயர்கள் வருகின்றன என்று கேட்பதில் பயன் குறைவு.

இந்தப் பார்வை பழங்கதையாகிவிடவில்லை. 2024இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்பு நூலில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தபோது நாடெங்கும் செய்தியானது. பாராட்டியவர்களும் கிண்டல் செய்தவர்களும் படத்தையே பேசினார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் பிள்ளைகளிடம் எதைக் கேட்கவேண்டும் என்ற விவாதம் எழவில்லை. கலியாவின் நூல் வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் நாம் அவருடைய அலகைவிட்டு நகரவில்லை.

நூலிலிருந்து ஆசிரியருக்கு

இடைப்பட்ட வரலாறு பலரும் அறிந்தது. சுருக்கமாகத் தொட்டால் போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு பாடத்திட்டம் தேவையில்லை என்று ஹன்சா மேத்தா குழு 1960களின் தொடக்கத்தில் சொன்னது. கோத்தாரி ஆணையம் அதை ஏற்றது. 1974இன் ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கை பெண்களின் நிலையைத் தேசியப் பிரச்சினையாக்கியது. 1986 தேசியக் கல்விக் கொள்கை, பெண்களின் நிலையை மாற்றும் கருவியாகவே கல்வியைப் பார்த்தது.

நம் நோக்கில் இவற்றைவிட முக்கியமானவை 1980களில் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆசிரியர் கையேடுகள். பாடத்திட்டத்தின் வழியே பெண்ணின் தகுநிலையை உயர்த்துவது அவற்றின் நோக்கம். கணிதம் கற்பிப்பதன் வழியே அதைச் செய்வதற்கென்றே தனிக் கையேடும் வந்தது. கணக்கில் வருகிற ஆள் யார், எந்த வேலையைச் செய்கிறார் என்பதை ஆசிரியர் மாற்றி அமைக்கலாம். பொறுப்பு இப்போது நூலாசிரியரிடமிருந்து வகுப்பாசிரியருக்கு ஒரு படி இறங்கிவிட்டது. ஆனால் மாணவர் அசையவில்லை. மாற்றி எழுதப்பட்ட கணக்கைப் போடுவதுதான் அப்போதும் அவருடைய வேலை. கலியாவின் நிழல் இங்கேயும் தெரிகிறது: பாத்திரத்தை மாற்றினால் மனம் மாறும் என்ற நம்பிக்கை.

2007: ஒரே கணக்கெடுப்பு, இரண்டு அட்டவணைகள்

2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. புதிய நூல்களைக் கொண்டுவந்தது. பழைய குடிமையியல் உயர்நிலை வகுப்பில் அரசியல் அறிவியலாயிற்று. 2007இல் வந்த இரு நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நம் வாதத்துக்கு அடிப்படை. ஒன்று ஏழாம் வகுப்பின் ‘சோஷியல் அண்ட் பொலிட்டிக்கல் லைஃப்’ இரண்டாம் நூல். மற்றது பத்தாம் வகுப்பின் ‘டெமாக்ரடிக் பாலிடிக்ஸ்’ இரண்டாம் நூல். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எண்களை எடுக்கின்றன. மத்தியப் புள்ளியியல் நிறுவனம் 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை ஹரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒரிசா, தமிழ்நாடு, மேகாலயா ஆகிய ஆறு மாநிலங்களில் 18,591 வீடுகளில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பே அந்த மூலம்.

ஏழாம் வகுப்பு நூல் ஹரியானாவையும் தமிழ்நாட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தருகிறது. ஹரியானாப் பெண்களுக்குக் கூலியுள்ள வேலை 23, கூலியில்லாத வீட்டு வேலை 30; ஆண்களுக்கு 38, 2. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு 19, 35. ஆண்களுக்கு 40, 4. மொத்தம் என்ற நிரலில் எண் இல்லை, கேள்விக்குறிதான் இருக்கிறது. மாணவர் கூட்டிப் பார்த்தால் ஹரியானாவில் பெண்ணுக்கு 53, ஆணுக்கு 40. தமிழ்நாட்டில் 54, 44. வீட்டிலிருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்ற பேச்சு, ஒரு கூட்டல் கணக்கில் உடைகிறது. அதை நூல் சொல்லவில்லை. மாணவர் கையால் எழுதவேண்டும்.

பத்தாம் வகுப்பு நூலில் மாநிலப் பெயர்கள் மறைந்து, ஒரு நாளின் மணியும் நிமிடமும் வருகின்றன. வருமானம் தரும் வேலை: ஆண் 6:00, பெண் 2:18. வீட்டு வேலை: 0:30, 5:00. பேச்சு, அரட்டை: 1:25, 1:20. ஓய்வு: 3:40, 3:50. தூக்கம், உடல் பராமரிப்பு, வாசிப்பு: 12:25, 11:10. பெண்கள்தான் ஊர்வம்பு பேசுகிறார்கள் என்ற வழக்கமான வசைக்கு இங்கே ஐந்து நிமிடத்தில் பதில் இருக்கிறது. நூல் அதற்கு விளக்கவுரை எழுதவில்லை.

இந்த எண்களைக் கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். ஆண்களின் நிரல் சரியாக 24 மணி நேரம். பெண்களின் நிரல் 23 மணி 38 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. 22 நிமிடத்தைக் காணவில்லை. எளிய அச்சுப்பிழையாக இருக்கலாம். விரிவான செயல்பாட்டுப் பட்டியலை ஐந்து வரிகளாகச் சுருக்கியபோது ஏதோ ஒன்று எந்த வரியிலும் அடங்காமல் போயிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று அட்டவணையை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது. ஆயினும் அதே பக்கத்துச் செயல்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் இந்த இடைவெளிக்குக் கல்விப் பயன் உண்டு என்பேன். வீட்டிலுள்ள வயதுவந்த ஆண், பெண் அனைவரையும் ஒரு வாரம் கவனித்து, ஒவ்வொருவரும் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று தினமும் குறித்து, சராசரி காணும்படி அந்தச் செயல்பாடு சொல்கிறது. தேவைப்பட்டால் புதிய வகைகளைச் சேர்த்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது.

இந்த அனுமதியில்தான் என் வாதம் நிற்கிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது எந்த வகை? தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டே பூக்கட்டுவது ஓய்வா, வருமானமா? தம்பியை டியூஷனில் விட்டு, வாசலிலேயே நின்று கூட்டிவருவது? வகைகளை அரசு தந்தபடி ஏற்காமல் மாணவரே உடைத்துச் சேர்க்கும்போது அவர் ஆய்வாளராகிறார். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அரசுக் கணக்கெடுப்பு முந்தைய நாளை நினைவிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுக் குறித்தது. பத்தாம் வகுப்பு மாணவரிடமோ ஏழு நாள் நேரடிக் கவனிப்பு கேட்கப்படுகிறது. கேட்கப்படும் உழைப்பில் இது அரசு முறையைவிடக் கடுமையானது. பள்ளி நேரத்தில் அம்மா என்ன செய்தாள் என்பதை அம்மாவிடம்தான் கேட்கவேண்டும் என்பதால், அந்தக் கேள்வியும் பாடத்தின் பகுதியாகிவிடுகிறது.

கலியாவோடு இங்கே ஓர் உறவும் தெரிகிறது. அவருடைய கருவி எண்ணிக்கை. 2007இன் கருவியும் எண்ணிக்கைதான். ஆராய்ச்சியாளர் பாடநூலுக்குள் எண்ணியதை மாணவர் வீட்டுக்குள் எண்ணுகிறார். அவரை மறுக்கும் இந்த வாதமே அவருடைய முறைக்குக் கடன்பட்டது.

சான்று மெலியும் இடம்

இந்தச் செயல்பாட்டுப் பெட்டி எங்கிருந்து வந்தது? மத்தியப் பிரதேசத்தில் எகலவ்யா அமைப்பு 1986 முதல் 2002 வரை நடத்திய சமூக அறிவியல் திட்டத்திலும், அதற்கு முந்தைய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்திலும் மாணவர் சுற்றுப்புறத்திலிருந்து தகவல் திரட்டுவது அடிப்படை வழக்கம். எகலவ்யாவில் இருந்தவர்கள் ஏழாம் வகுப்பு உள்ளிட்ட உயர்தொடக்கநிலை நூல்களில் பங்கேற்றதால் தொடர்ச்சி இருந்திருக்கவே வேண்டும் என்று கருதுகிறேன். ஆனால் பத்தாம் வகுப்பு நூலின் குழு வேறு. எனவே 2007 என்பது அச்சேறிய ஆண்டு மட்டுமே. கருத்து பிறந்த ஆண்டு அதற்கும் முந்தையதாக இருக்கும், எவ்வளவு முந்தையது என்பதைத் திறந்தே வைக்கிறேன்.

வகுப்பில் அது உண்மையிலேயே நடந்ததா என்பது அடுத்த கேள்வி. பெட்டியை ஆசிரியர் தாண்டிப் போயிருந்தால் என் வாதம் காகிதத்தோடு நின்றுவிடும். 2009இல் சி.பி.எஸ்.இ. தொடர் மதிப்பீட்டைக் கொண்டுவந்தபோது செயல்திட்டங்களுக்கு மதிப்பெண் கிடைத்தது. 2018இல் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமானபின் தேர்வு 80, உள்மதிப்பீடு 20 என்று பங்கு பிரிந்தது. பத்தாம் வகுப்பில் நுகர்வோர் விழிப்புணர்வு, சமூகப் பிரச்சினைகள், நீடித்த வளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றில் செயல்திட்டம். அதற்கு 5 மதிப்பெண், வாய்மொழித் தேர்வும் உண்டு. பாலினம் சமூகப் பிரச்சினை என்ற தலைப்புக்குள் நுழையலாம், நுழையாமலும் போகலாம். அட்டையில் ஜிகினா ஒட்டிய செயல்திட்டக் கோப்புகளைக் கடை வாசலில் விலைக்கு வாங்கும் ஊரில் இந்த 5 மதிப்பெண்ணை நம்பி அதிகம் சொல்வதற்கில்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. நுகர்வோர் உரிமையை வலைத்தளத்திலிருந்து நகலெடுக்கலாம். தன் வீட்டின் ஏழு நாளை நகலெடுக்க முடியாது. பொய்யாக நிரப்புவதற்கும்கூட வீட்டை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

வகுப்புப் பேச்சு பயன்தரும் என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. ஹரியானாவின் நான்கு மாவட்டங்களில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தார், ஜெயின், ஜெயச்சந்திரன் மூவரும் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரண்டரை ஆண்டுகள் நடந்த வகுப்புகளுக்குப் பின் பிற்போக்கான மனப்பான்மைகளில் 16 சதவீதம் மாறியதாக அது காட்டியது. வீட்டு வேலையில் கைகொடுப்பதாகப் பையன்கள் கூடுதலாகச் சொன்னார்கள். அங்கே பாடம் நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த பயிற்றுநர்கள். மாணவரே ஆய்ந்து முன்வைத்தால் விளைவு கூடுமா என்பதை அந்த ஆய்வைக்கொண்டு தீர்மானிக்க முடியாது.

அரசின் பிந்தைய கணக்கெடுப்புகள் மாணவருக்குப் புதிய ஒப்பீட்டைத் தருகின்றன. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024இல் 289, 88. இவை அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் சராசரி மட்டுமே என்பதால் 1998-99இன் எண்களோடு நேராக ஒப்பிடக்கூடாது. இந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்வதே பத்தாம் வகுப்புக்கு நல்ல பாடம்.

என்.சி.இ.ஆர்.டி.யின் அண்மைக் குறைப்புகளில் பத்தாம் வகுப்பு நூல் மூன்று அத்தியாயங்களை இழந்தது. பாலினம் வரும் அத்தியாயம் நிலைத்தது. ஆனால் 2025இல் ஏழாம் வகுப்புக்குப் புதிய நூல் வந்துவிட்டதால், கேள்விக்குறி அட்டவணையில் தொடங்கிச் சொந்த வீட்டுக் கணக்கெடுப்பில் முடிந்த படிவரிசை அறுந்துவிட்டது. பாத்திரங்களை எண்ணும் ஆய்வுக்கு இந்த இழப்பு தெரியாது. புதிய நூலில் பெண் படங்கள் போதிய அளவு இருந்தால் தேர்ச்சி கொடுத்துவிடும். இனிவரும் பாடநூல் ஆய்வு பெண் பெயர்களோடு சேர்த்து, மாணவரைத் தன் வீட்டையும் தெருவையும் பார்த்துவரச் சொல்லும் வினைகளையும் எண்ணவேண்டும். அந்த எண்ணிக்கையைப் பத்தாம் வகுப்பு மாணவரிடமே ஒப்படைக்கலாம். கலியாவின் முறை அதற்குப் போதும்.