தொடக்கச் செய்தியும் துடைக்கப்படும் திரையும்

லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பெற்ற ஒரு கணினி, மின்விசை பெற்ற கணத்திலிருந்து பயனரின் பெயரைக் கேட்டு நிற்கும் கணம்வரை, தன் நினைவகத்தின் அளவு யாது, தன்னோடு இணைந்த கருவிகள் எவை, வட்டின் கோப்பு முறைமை பழுதின்றி இருக்கின்றதா, எந்தச் சேவை எழுந்தது, எது எழ முயன்று வீழ்ந்தது என்று பல நூறு வரிகளை எழுதுகின்றது; எழுதிய வரிகளை, படிக்க வேண்டியவர் கண் செலுத்துமுன்னரே, அதுவே அழித்தும் விடுகின்றது. இவ்வழிப்பு இயந்திரத்தின் இயற்கையால் நேர்வதன்று. மனிதர் சிலர் ஒரு காரணங்கருதிச் செய்துவைத்த ஏற்பாடு. அக்காரணம் எவ்விடத்தில் செல்லும், எவ்விடத்தில் செல்லாது என்பதை ஆராய்ந்து, முதல் உரை முனையத்திலேனும் தொடக்கச் செய்திகள் அழியாது நிற்பதே நியாயம் என்று நிறுவ முயல்கின்றேன்.

வேலப்பன்சாவடியில் இருந்துகொண்டு இவ்விஷயத்தை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம் என்று கல்விக்கூடங்கள் அடுத்தடுத்து எழுந்துள்ளன. கணினியைத் திறந்து பார்த்து, கெட்டால் சீர்செய்து, அதன் மூலம் தொழில் கற்கும் இளைஞர் இவ்வட்டாரத்தில் ஏராளம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்த காக்களூரும் இதே திருவள்ளூர் மாவட்டத்தினதே. அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸ் தொகுப்பும் இடம்பெற்றது. ஆகவே லினக்ஸ் எவ்வாறு தொடங்குகின்றது, தொடங்கும்போது எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்னும் வினாக்கள் இம்மாவட்டத்து மாணவர்க்கு அயலானவை அல்ல.

முதற்கண் இச்செய்திகளின் தன்மையை அறிதல் வேண்டும். இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் எழுதும் ஒவ்வொரு வரியும் நினைவகத்தில் வட்டமாகச் சுழலும் ஒரு சேமிப்பிடத்திற் சேர்கின்றது. இடம் நிறைந்தால் பழையன கழிந்து புதியன புகும். ஒவ்வொரு வரிக்கும் பூஜ்யம் முதல் ஏழு வரையிலான எட்டுத் தரங்களுள் ஒன்று உண்டு. பூஜ்யம் என்பது இயந்திரம் இனி இயங்கவியலாது என்னும் அபாயம், ஏழு என்பது நிரலாளர்க்கு மட்டுமே பயன்படும் நுணுக்கம். எந்தத் தரம் வரையுள்ள வரிகள் திரையில் தோன்ற வேண்டும் என்பதைத் தொடக்கக் கட்டளையிலேயே விதிக்கலாம். தோன்றுவது வேறு, சேமிக்கப்படுவது வேறு என்னும் இப்பாகுபாட்டை மனத்திற் கொண்டால், பின்னர் வரும் வாதம் எளிதில் விளங்கும்.

பழங்காலத்துக் கணினிகளில் இச்சிக்கலுக்கு இடமேயில்லை. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்ட அக்காலத்தில், பெருங்கணினியின் இயக்குநர் அமர்ந்த முனையம் பெரும்பாலும் தட்டச்சுப்பொறியின் இனத்தைச் சேர்ந்தது. இயந்திரம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காகிதச் சுருளில் மையாகப் படிந்தது. வேண்டுவோர் சுருளைப் பின்னோக்கி இழுத்துப் படித்துக்கொண்டனர். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்ததும் அத்தகைய தொலைத்தட்டச்சு முனையங்களின் மேல்தான். இணைப்பில் காத்திருந்து பயனரின் பெயரைக் கேட்கும் ‘கெட்டி’ என்னும் நிரல் அன்றே தோன்றியது. காகிதத்தைத் துடைக்க அதனால் இயலாது, அதற்கு அவசியமும் இல்லை. பின்னர்க் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித்திரை பிடித்தது. எண்பது பத்தி, இருபத்தைந்து வரி என்னும் அத்திரையில் ஒரே நேரத்தில் 2000 எழுத்துகளே நிற்கும். புதிய வரி கீழே வரப் பழைய வரி மேலே சென்று மறையும். காகிதத்திற்கு இருந்த ஞாபகசக்தி திரைக்கு இல்லை. ஆயினும் துடைத்தல் என்னும் செயல் அப்போதும் தானே வந்துவிடவில்லை. அதனை ஒருவர் கட்டளையாக எழுத வேண்டியிருந்தது.

இன்று தொடக்கச் செய்திகள் மூன்று நிலைகளில் கண்ணுக்கு மறைகின்றன. முதலாவது, உபுண்டு போன்ற தொகுப்புகளின் தொடக்கக் கட்டளையில் இயல்பாகவே இடம்பெறும் ‘குவையட்’, ‘ஸ்பிளாஷ்’ என்னும் இரு சொற்கள். முன்னது பிழையினுங் குறைந்த தரத்து வரிகளையெல்லாம் திரைக்கு வராமல் தடுக்கின்றது, பின்னது பிளைமவுத் என்னும் நிரலைக்கொண்டு செய்திகளின் மேல் ஓர் அழகிய படத்தை விரிக்கின்றது. இரண்டாவது, வரைகலைச் சில்லுக்குரிய இயக்கி விழித்தெழுந்து திரையின் பருமானத்தை மாற்றும் தருணம். அப்போது திரை ஒரு கணம் இருண்டு எழுத்தளவு மாறும், மேலேறி மறைந்த வரிகள் மீள்வதில்லை. இவ்விரண்டையும் விரித்துரைக்க வேண்டுவதில்லை; முன்னதை இரு சொற்களை நீக்கித் தீர்க்கலாம், பின்னது வன்பொருளோடு பிறந்தது. ஆராய்ச்சிக்கு உரியது மூன்றாவதே.

2010-இல் தோன்றி, 2015-இல் வெளிவந்த டெபியன் 8 முதலாக டெபியன் குடும்பத்திலும் இயல்பாகிவிட்ட, சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி, உரை முனையத்தில் கெட்டி நிரலை எழுப்புவதற்கென ஓர் அமைப்புக் கோப்பை வைத்திருக்கின்றது. அக்கோப்பில் கெட்டிக்கு, திரையைத் துடைக்காதே என்னும் பொருள்படும் ‘நோகிளியர்’ கட்டளை கொடுக்கப்பட்டுள்ளது. அதைப் படிப்பவர், திரை அழியாது என்றே கருதுவர், ஆனால் அழிகின்றது. காரணம், அதே கோப்பில் சற்றுத் தள்ளி, நிரல் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் முனையத்தை விடுவித்துவிடுக என்னும் மற்றோர் ஏற்பாடு ‘ஆம்’ என்று விதிக்கப்பட்டிருப்பதே. முனையம் விடுவிக்கப்படுமாயின் திரையிலுள்ளதும், திரைக்கு மேலே சென்று சேமிப்பில் நின்றதும் ஒருங்கே நீங்கும். கெட்டி துடைக்கவில்லை, அதனை எழுப்பிய சிஸ்டம்டியே துடைக்கின்றது. கெட்டியின் கட்டளையை எத்தனை முறை திருத்தினும் பயன் காணாது பலர் சலிப்புறுவதன் ஹேது இதுவே.

இவ்வேற்பாட்டைச் செய்தோர் விவேகமின்றிச் செய்தனர் என்று நான் சொல்லேன். ஒருவர் முனையத்தில் அமர்ந்து கடிதம் எழுதுகின்றார், கணக்குப் பார்க்கின்றார், வெளியேறுகின்றார். அடுத்து வந்து அமர்பவர் அவர் எழுதியதைத் திரையில் கண்டால் அது அந்தரங்கத்திற்குக் கேடு. பலர் மாறிமாறி அமரும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இக்காப்பு மிகவும் வேண்டுவதே. ஆனால் அமர்வு முடிந்தபின் துடைப்பதற்குக் கூறப்படும் இந்தக் காரணத்தை, இயந்திரம் அப்போதுதான் உயிர்பெற்று எழுந்த தருணத்திற்கும் நீட்டுதல் தகுமா? அவ்வேளையில் முன்னிருந்த பயனர் என்று எவரும் இலர்; திரையில் இருப்பது இயந்திரத்தின் சொந்த வாக்குமூலம் மட்டுமே. எவருடைய அந்தரங்கத்தையும் காவாத ஓர் அழிப்பு, சாட்சியை மட்டும் போக்குகின்றது.

ஒரே ஏற்பாடு முன்னும் பின்னுமாகிய இரு அழிப்புகளையும் பிணைத்து வைத்திருப்பதால், முதல் முனையத்தில் அதனை ‘இல்லை’ என்று மாற்றினால் வெளியேறும்போது நிகழ வேண்டிய அழிப்பும் நின்றுபோகும் என்பது மெய்யான தடையே. இதனை மறைத்து வாதிடுதல் கூடாது. எனினும் டெபியன் வழிவந்த அமைப்புகளில், புதிதாகச் சேர்க்கப்படும் பயனரின் இல்ல அடைவில், பாஷ் உறையை விட்டு அவர் வெளியேறுங்காலத்து முனையத்தைத் துடைக்கும் சிறு கோப்பு ஒன்று முன்னரே வைக்கப்படுகின்றது. அமர்வு முறைப்படி முடியாது இடையில் அறுபட்டால் அக்கோப்பு இயங்காதென்பது உண்மை. ஆயின் பொதுவான பயன்பாட்டிற்கு அக்காப்புப் போதும். மேலும் மாற்றத்தை முதல் முனையத்தோடு நிறுத்திக்கொண்டு, ஏனைய முனையங்களைப் பழைய விதியிலேயே விட்டுவிட்டால், அந்தரங்கம் வேண்டுவோர் அவற்றில் அமரலாம். வரைகலை நுழைவாயில் முதல் முனையத்தையே கைக்கொள்ளும் நிறுவல்களில் இம்மாற்றம் பயன் தாராது. அங்கே உரை முனையத்தில் எழும்படி தொடக்க இலக்கையே மாற்றுதல் வேண்டும்.

இனி, பலரும் கூறும் மறுப்பு ஒன்று உண்டு. செய்திகள் அனைத்தும் பதிவேட்டில் இருக்கின்றன, ‘டிமெசெக்’ என்றோ ‘ஜர்னல்சிடிஎல்’ என்றோ கட்டளையிட்டால் அவை வரிசையாக வந்து நிற்கும், அவ்வாறிருக்கத் திரையில் ஏன் நிற்க வேண்டும் என்பர். இதற்கு விடை உண்டு. நம் அளவை நூலார் காட்சி, அனுமானம், ஆகமம் என்று பிரமாணங்களைப் பகுத்து, காட்சிக்கே முதலிடம் தந்தனர். ஏனையவை காட்சியை அடியாகக் கொண்டு எழுவன. பதிவேடு என்பது பிறர் சொல்லக் கேட்கும் ஆகமத்தின் இனம். அதனை அடைய, இயந்திரம் முழுமையாக எழுந்திருத்தல் வேண்டும், பயனர் உள்நுழைதல் வேண்டும், எழுதப்பட்ட வட்டு பழுதின்றி இருத்தல் வேண்டும். இம்மூன்றும் வாய்க்கும் நாளில் தொடக்கச் செய்திகளைத் தேடுவோர் அரியர். தேட வேண்டிய நாளிலோ இவற்றுள் ஒன்றேனும் வாய்க்காமற் போகும்.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகமெங்கும் நிலவிய மின்தட்டுப்பாட்டை எண்ணிப் பார்க்க. மின்சாரம் திடீரென்று நின்று, கணினி முறைப்படி அணையாது மடிந்தால், அடுத்த தொடக்கத்தில் கோப்பு முறைமை தன் முடிவுறாப் பணிகளை மீண்டும் ஓட்டிச் சரிசெய்ய முற்படும். சேதம் மிகின் வேர்ப்பகுதி வாசிக்க மட்டுமே இயலும் நிலையில் நின்றுவிடும், எழுத இடமிராது. சிஸ்டம்டியின் பதிவேடோ, வட்டில் அதற்கென்று ஓர் அடைவு உண்டாக்கப்படாத அமைப்புகளில், நினைவகத்திலேயே தங்கி அடுத்த மின்தடையோடு மாய்ந்து போகும். அந்நிலையில் நடந்ததைக் கூறவல்ல ஒரே சாட்சி திரைதான். அதனையும் துடைத்துவிட்டு, பதிவேட்டைப் பார்த்துக்கொள் என்று கூறுவது, சாட்சி வாய் திறக்குமுன் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, எழுத்துமூலம் வாங்கிக்கொள்ளலாம் என்பதை ஒக்கும்.

2020 அக்டோபரில் வெளியான கெர்னல் 5.9 இவ்வாதத்திற்குப் புதிய வலிமை தந்துள்ளது. அதுவரை ஷிஃப்ட் விசையோடு பேஜ்அப் விசையை அழுத்தி, மேலே சென்ற வரிகளைப் பின்னோக்கிக் காணும் வசதி உரை முனையத்தில் இருந்தது. அதனைத் தாங்கிய மென்பொருட்பகுதியில் பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்பட்டன. பேணுவார் எவருமில்லாத நிலையில், லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் அப்பகுதியையே நீக்கிவிட்டார். பேணாத நிரலை வைத்திருப்பதினும் நீக்குதல் மேல் என்னும் அவர் முடிவை நான் ஏற்கின்றேன். ஆனால் விளைவு யாது? இன்றைய முனையத்தில் கண்முன் நிற்கும் வரிகளே உள்ளவை. மேலே சென்றன சென்றனவே. 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட சாதாரண மடிக்கணினித் திரையில், எட்டுக்குப் பதினாறு என்னும் வழக்கமான எழுத்துருவில், நிற்பவை 48 வரிகள். தொடக்கச் செய்திகள் முழுவதையும் அவை தாங்கமாட்டா. எனினும் இறுதியாக எழுதப்பட்டு, தவறு நேர்ந்த இடத்திற்கு மிக அணித்தாக இருப்பன அவ்வரிகளே. அவற்றையும் இழந்தால் திரையில் எஞ்சுவது பெயர் கேட்கும் ஒற்றை வரி. முழுமையும் வேண்டுவோர் தொடர்முனை இணைப்பையோ, செய்திகளை வலைவழியே அண்டைக் கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோலையோ நாடலாம். அடுத்தடுத்துக் கணினிகள் நிற்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இது எளிது.

இவையனைத்தும் பழுது பார்ப்போர் கவலையென்று ஒதுக்கலாகாது. தமிழகம் லினக்ஸைப் பொதுப்பணியாக ஏற்ற மாநிலம். 2007-ஐ ஒட்டித் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே ஆண்டு, டெபியனை அடியாகக் கொண்டு, சி-டாக் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது அரசு அலுவலகங்களுக்குப் பாஸ் பரிந்துரைக்கப்பட்டது. இத்தனை முயற்சியின் உள்நோக்கம் விலையை மிச்சப்படுத்துவது மட்டுமாயின் அது சிறிய நோக்கம். மூலநிரல் திறந்திருக்கும் ஓர் இயங்குதளத்தை மாணவர் கையிற் கொடுப்பதன் பெரும்பயன், இயந்திரம் தன்னைத்தான் கட்டியெழுப்பிக்கொள்ளும் முறையை அவர் கண்ணாரக் காணும் பயனே. அதனை ஒரு படத்தால் மூடிவிட்டுப் பின் பாடநூலில் விளக்குவது எனக்கு உவப்பில்லை.

அவ்வரிகள் ஆங்கிலத்தில் அல்லவோ இருக்கின்றன என்று கேட்பர். லினக்ஸின் உரை முனையம் அதிகமாய்ப் போனால் 512 எழுத்துருவங்களையே தாங்கும்; தமிழின் 247 எழுத்தும் அவ்வெண்ணிக்கைக்குள் அடங்கும் என்றாலும், ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னுமாக அமைய வேண்டிய ‘கொ’ போன்ற எழுத்துகளைச் சேர்த்தமைக்கும் ஆற்றல் அம்முனையத்திற்கு இல்லை; ஒவ்வொரு குறியையும் சம அகலக் கட்டத்தில் தனித்தனியே வைக்கவே அது அறியும். ஆதலின் இக்குறையை முனையத்தில் தேடித் தீர்க்க முடியாது. வட்டு, நினைவகம், வலையட்டை ஆகியவற்றைப் பற்றி அடிக்கடி வரும் வரிகளுக்குத் தமிழில் தெளிவான விளக்கநூல் எழுதி மேசைமேல் வைப்பதே தக்க வழி. அந்நூல் பயன்படவும், வரிகள் முதலில் திரையில் நின்றாக வேண்டும்.

வீட்டில் கணினி வைத்திருப்போர்க்குத் தொடக்கத்தில் அழகிய படம் வேண்டுமாயின் அதில் குற்றமொன்றுமில்லை. எஸ்கேப் விசையை அழுத்திப் படத்தை விலக்கிப் பார்க்கும் வழியும் பெரும்பாலும் அவர்க்கு உண்டு. நான் வேண்டுவது, கல்விக்கூடங்களுக்கும் அரசு வழங்கலுக்கும் ஒரே மூல வட்டினைத் தயாரித்துப் பல இயந்திரங்களில் பதிக்கும் பொறுப்புடையோரிடம். அவ்வட்டில், முதல் முனையத்திற்குரிய சேவையின் மேல் ஒரு சிறு திருத்தக் கோப்பு வைத்து, முனையத்தை விடுவிக்கும் ஏற்பாட்டினை ‘இல்லை’ என்றாக்குக. தொடக்கக் கட்டளையிலிருந்து ‘குவையட்’, ‘ஸ்பிளாஷ்’ இரண்டையும் நீக்குக. பதிவேட்டிற்கு வட்டில் நிலையான அடைவு ஒன்று உண்டாக்குக. மூன்றும் சேர்ந்து சில நிமிட வேலை; மூல வட்டில் ஒருமுறை செய்தால், அதிலிருந்து பதிக்கப்படும் ஒவ்வொரு கணினிக்கும் அது போதும்.