உணவுக் கொழுப்பும் மன அழுத்தமும்: தென்காசி வட்டார உணவை முன்வைத்து ஓர் ஆய்வு

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் மனச்சோர்வைத் தடுக்குமா என்னும் வினாவுக்கு மேலைநாட்டு ஆய்வுகள் தந்துள்ள விடையை, கடலிலிருந்து விலகி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த அச்சன்புதூர் போன்ற ஊர்களுக்கு அப்படியே பொருத்துதல் தகாது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு சத்தைக் கூடுதலாகக் கொடுத்துப் பயனைச் சோதிக்கும் ஆய்வு எதுவாயினும், அச்சத்து ஆய்வுக்கு உட்பட்டோரின் உடலில் முன்பே எந்த அளவில் இருந்தது என்பதைக் கருதாமல் அதன் முடிவை விரித்துரைக்க இயலாது.

உணவில் கொழுப்பு அமிலங்கள் இன்றியமையாதவை என்பதை ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இருவரும் 1929-இல் எலிகளைக் கொண்டு காட்டினர். உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அவ்வகை அமிலங்களுள் லினோலியிக் அமிலம் ஒமேகா-6 வகையையும், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஒமேகா-3 வகையையும் சார்ந்தவை. பின்னதிலிருந்தே உடல் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் நீள்சங்கிலி அமிலங்களைச் சிறிதளவு உருவாக்குகிறது. ஆனால் இரு வகைகளும் ஒரே நொதிகளுக்குப் போட்டியிடுவதால், ஒமேகா-6 மிகுந்த உணவில் அச்சிறிதளவும் குறைகிறது. ஒமேகா-6 வழிவரும் அராக்கிடோனிக் அமிலம் அழற்சியைத் தூண்டும் பொருள்களுக்கு மூலமாகிறது. நீடித்த மன அழுத்தமும் அழற்சியை மிகுவிப்பதால், உணவும் மனமும் சந்திக்கும் இடமாக ஆய்வாளர் இதனைக் கருதுகின்றனர்.

மருத்துவ மாணவர் 68 பேருக்கு நாள்தோறும் 2.5 கிராம் ஒமேகா-3 கொடுத்து 12 வாரம் கவனித்த அமெரிக்க ஆய்வொன்று, பதற்ற அறிகுறிகள் 20 விழுக்காடு குறைந்ததாக 2011-இல் தெரிவித்தது. மனச்சோர்வு அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. மாறாக, 50 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர் 18,353 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து, 2021-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு கிராம் மீன் எண்ணெய் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. அதன் இடர் சற்றே கூடியதாகவும் தெரியவந்தது. மாத்திரை விற்பனையாளர் முதல் ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையன்று. எனினும் இரண்டாம் ஆய்வும் அந்நாட்டு முதியோரைப் பற்றியதே. மீனை அரிதாக உண்போரைப் பற்றி அது முடிவாக எதையும் உரைத்துவிடவில்லை.

இவ்வட்டாரத்து உணவை உற்றுநோக்கினால் சிக்கல் மேலும் தெளிவாகிறது. சாளை மீனில் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் மிகுதி, குளத்துக் கெண்டையில் அவை குறைவு. சாளையைப் புளிக்குழம்பில் இடுவதற்கும் சூரியகாந்தி எண்ணெயில் பொரிப்பதற்கும் வேறுபாடுண்டு; பொரிக்கும்போது மீன் அவ்வெண்ணெயை உறிஞ்ச, அதன் லினோலியிக் அமிலமும் உடன் சேர்கிறது. தேங்காயெண்ணெயில் இரு வகை அமிலங்களும் மிகக் குறைவு. நியாயவிலைக் கடைப் பாமாயிலிலும் ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம்.

மரக்கறி உணவில் கவனத்துக்குரியது கறுப்பு உளுந்து. நூறு கிராம் உளுந்தில் கொழுப்பு ஒன்றரை கிராம் அளவே எனினும், அதில் ஏறத்தாழ 0.6 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் உள்ளது. லினோலியிக் அமிலமோ அதில் ஒரு சிறு பங்கே. குன்னூரில் 1918-இல் தோன்றி ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர் கஃபூருன்னிசாவும் பருப்பு, கீரை, வெந்தயம் ஆகியவற்றை இவ்வமிலத்தின் வாயில்களாக வலியுறுத்தினார். ஆனால் பூப்பெய்திய பெண்ணுக்குக் கருப்பட்டி சேர்த்துக் கிண்டித் தரும் உளுந்தங்களியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினால், பத்து கிராமுக்கு மேற்பட்ட லினோலியிக் அமிலம் உடன் வருகிறது. ஐம்பது கிராம் உளுந்து தரும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமோ 0.3 கிராம் மட்டுமே. இதயத்துக்கு நலம் தரும் லினோலியிக் அமிலத்தை இதனால் பகையாக்குதல் பிழை; ஒரு பண்டத்தைத் தனியே பிரித்துப் புகழ்வதும் அதே அளவு பிழை. அளக்க வேண்டியது தட்டில் வரும் முழு உணவையே.

ஆகவே இவ்வட்டாரத்துக்கான ஆய்வு, மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் இரத்தச் சிவப்பணுச் சவ்வில் உள்ள ஒமேகா-3 அளவைக் கணித்தாக வேண்டும். மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடி, எண்ணிக்கைக்குக் கூலி பெற்றுப் பீடி சுற்றும் பெண்களிடையே அவ்வாய்வு நிகழுமாயின், புகையிலைத் தூளின் வழியே உடலில் ஏறும் நிகோட்டினையும், கூலி வெட்டு, கடன், உறக்கக் குறைவு ஆகியவற்றையும் உணவோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். இவற்றை விடுத்து மீனை மட்டும் எண்ணும் ஆய்வு, வறுமையின் விளைவை உணவின் விளைவாகக் காட்டிவிடும்.