பெயரில் மட்டும் இஞ்சி

சிங்கப்பூர்ப் பூங்காக்களில் இந்தச் செடியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தண்டு சுருள் படிக்கட்டு மாதிரி வளைந்து ஏறும். சிவப்புக் கூம்பிலிருந்து கசங்கிய டிஷ்யூ போல வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். கிரேப் ஜிஞ்சர் என்பார்கள். தாவரவியல் பெயர் ஹெல்லேனியா ஸ்பெசியோசா. அதை முதலில் விவரித்தவர் கோனிக்.

இந்தக் கோனிக் ஒருவகையில் நம்ம ஊர்க்காரர்தான். லினேயஸின் மாணவர். 1768இல் டேனிஷ் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர், பிறகு ஆற்காடு நவாபிடம் வேலை பார்த்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறி, சயாமுக்கும் மலாக்கா நீரிணைக்கும் போனார். அங்கே கண்ட இஞ்சி வகைகளைப் பற்றிய அவருடைய குறிப்புகள் 1783இல் அச்சாயின. ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்க இன்னும் 36 வருஷம் இருக்கிறது!

தாவரவியலாளர் பேங்க்ஸின் நினைவாக அவர் வைத்த பெயர் 'பேங்க்சியா'. அதே பெயரை முந்தைய ஆண்டே ஆஸ்திரேலியச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1791இல் இது 'கோஸ்டஸ்' ஆனது. குழப்பம் அங்கேதான் ஆரம்பம். கோஸ்டஸ் என்பது நம்ம கோஷ்டத்தின் கிரேக்க, லத்தீன் உருவம். ஆனால் நாட்டு மருந்துக் கடைக் கோஷ்டம் இமயமலையில் விளையும் வேர், சூரியகாந்திக் குடும்பம். இந்தச் செடிக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் பொது.

மலாயில் இது செத்தாவார். பெனாவார் என்றால் முறிமருந்து. காதில் இரண்டும் ஒன்றாக ஒலிக்கின்றன. கிழங்கில் இருப்பதோ டயோஸ்ஜெனின் தரும் சாப்போனின்கள். டயோஸ்ஜெனின் ஸ்டீராய்டு மருந்து செய்ய உதவும் மூலப்பொருள், கருத்தடை மாத்திரை உட்பட. ஆளைக் கொல்லும் விஷமில்லை. ஆனால் அளவு கூடினால் சாப்போனின் வயிற்றைப் புரட்டிவிடும். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகவேண்டாம்.

இதையெல்லாம் நோண்டக் காரணம் என் அம்மாச்சி. "இஞ்சிதானே, ரசத்துல ரெண்டு துண்டு போட்டா என்னடா?" என்றார். பக்கத்துப் புளோக்கில் ஒருவர் 'இன்சுலின் செடி' இலை மெல்லுகிறாராம். அது இதே குடும்பத்துப் பிரேசில் செடி. டாக்டர் தந்த மாத்திரையை விட்டுவிட்டு இலையை நம்புவதுதான் எனக்குப் பெரிய பயம்.

அம்மாச்சிக்குச் சொன்ன வழி சுலபம். அசல் இஞ்சிக் குடும்பத்து இலையைக் கசக்கினால் மணக்கும், இது மணக்காது. பூங்காவில் கிள்ளிப் பார்க்காதீர்கள், அபராதம் போடுவார்கள்.