உடல் மோதல் (காற்பந்தாட்டம்)

காற்பந்தாட்டத்தில் உடல் மோதல் என்பது பந்துக்காகப் போட்டியிடும் எதிரெதிர் அணி ஆட்டக்காரர்களின் உடல்கள் ஒன்றோடொன்று தொடுவதையும் முட்டுவதையும் குறிக்கும். இவற்றுள் எது ஆட்டத்தின் இயல்பான பகுதி, எது தவறு என்பதை ஆட்ட விதிகளின் 12 ஆம் விதி வரையறுக்கின்றது. பேச்சுவழக்கில் ஃபவுல் எனப்படுவது இவ்விதியை மீறும் செயலே ஆகும். காற்பந்தாட்டம் உடல்கள் தொடாமல் ஆடப்படும் ஆட்டம் அன்று. எனவே தொடுகை நிகழ்ந்ததா என்பதை விட, அது எவ்விதம் நிகழ்ந்தது என்பதையே நடுவர் பெரும்பாலும் பார்க்கின்றார்.

வரலாறு

1863 ஆம் ஆண்டு இலண்டனில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தன் முதல் விதிகளை எழுதியபோது, எதிராளியின் கணைக்காலில் உதைப்பதை அனுமதிக்கலாமா என்பதே பெரும் பிணக்கை உண்டாக்கியது. உதைப்பதும் இடறிவிடுவதும் தடை செய்யப்பட்டன. இதனை ஏற்காத பிளாக்கீத் கழகம் சங்கத்திலிருந்து விலகியது. அக்கழகமும் சேர்ந்து 1871 இல் தோற்றுவித்த ரக்பி ஒன்றியம், கணைக்கால் உதையைத் தானும் தடை செய்தது என்பது சுவையான செய்தி.

தோளால் மோதுவது மட்டும் தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல் காவலரைக் கூட நீண்டகாலம் மோதித் தள்ள முடிந்தது. 1957 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மக்பார்லண்ட் மோதியதில் மான்செஸ்டர் யுனைட்டட் கோல் காவலர் ரே வுட்டின் கன்ன எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் அனுமதிக்கப்படாத காலம் அது. மக்பார்லண்ட் அடித்த இரு கோல்களால் வில்லா 2-1 என வென்றது. அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் போல்டனின் நாட் லொஃப்ட்ஹவுஸ், யுனைட்டட்டின் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்துக் கோல் கோட்டுக்குள் தள்ளினார். அது கோலாக ஏற்கப்பட்டது. இன்றைய விதிப்படி, கோல் காவலர் பந்தைக் கையால் கட்டுப்படுத்தியிருக்கும்போது எவரும் அவரோடு போட்டியிடவே முடியாது.

முதன்மையான மாற்றம் 1995 இல் வந்தது. அதுவரை தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்று நடுவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் மனத்தைப் படிப்பது இயலாத காரியம். அவ்வாண்டு முதல், பெரும்பாலான மோதல்களில் நோக்கத்துக்குப் பதிலாகச் செயலின் தன்மை அளவுகோலாயிற்று.

மதிப்பிடும் முறை

மோதுதல், எதிராளி மேல் பாய்தல், உதைத்தல், தள்ளுதல், அடித்தல், பந்தைப் பறிக்க முயலுதல், இடறிவிடுதல் ஆகியவற்றை நடுவர் மூன்று படிகளில் அளக்கின்றார். கவனமின்றிச் செய்யப்பட்டால் அது தவறு. நேரடித் தனியுதை வழங்கப்படும், ஆனால் மோதலுக்காக அட்டை இல்லை. எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் செய்யப்பட்டால் மஞ்சள் அட்டை. மட்டுமீறிய வலுவைப் பயன்படுத்தி எதிராளியின் பாதுகாப்புக்குக் கேடு விளைவித்தால் சிவப்பு அட்டை. இம்மூன்றில் எதுவும் இல்லையெனில், ஒருவர் தரையில் விழுந்தாலும் தவறில்லை.

தோள் மோதலை எடுத்துக்கொள்வோம். பந்து இருவருக்கும் எட்டும் தொலைவில் இருக்க, இருவரும் அருகருகே ஓடும்போது, உடலோடு ஒட்டிய மேற்கையாலும் தோளாலும் ஒருவர் மற்றவரை நெருக்கலாம். வலிமை குறைந்தவர் தடுமாறுவது ஆட்டத்தின் இயல்பு. ஆனால் முழங்கை விரிந்தாலோ, பின்னாலிருந்து முதுகில் முட்டினாலோ, தொலைவிலிருந்து வேகமெடுத்து வந்து மோதினாலோ நிலைமை மாறிவிடும்.

"பந்தைத்தான் முதலில் தொட்டார்" என்பது அரங்கில் அடிக்கடி கேட்கும் வாதம். இது முழு விலக்கு அன்று. பந்தைத் தொட்ட கால் அதே வேகத்தில் எதிராளியின் கணுக்காலில் இறங்கினால், பந்து தொடப்பட்டது என்பதால் அந்தக் கால் காப்பாற்றப்படுவதில்லை. மறுபுறம், பந்தைச் சரியாகப் பறித்த பின் எதிராளி அந்தக் காலின் மேல் தடுக்கி விழுந்தால் அது பெரும்பாலும் தவறாகாது.

பிடித்து இழுப்பதற்கு மேற்கூறிய படிகள் பொருந்தா. சட்டையைப் பிடித்து எதிராளியின் ஓட்டத்தைத் தடுத்தாலே தவறு. பந்தைத் தன் உடலால் மறைத்து நிற்பது, அது எட்டும் தொலைவில் உள்ளவரை முறையானது. பந்து எட்டாத தொலைவில் இருக்க எதிராளியின் வழியை அடைத்தால் மறைமுகத் தனியுதை. அதில் உடல் தொடுகையும் இருந்தால் நேரடித் தனியுதை. நேரடித் தனியுதைக்குரிய தவறைத் தன் தண்டப் பகுதிக்குள் தடுப்பவர் செய்தால் தண்ட உதை கிடைக்கும். இதனாலேயே நடுக்களத்தில் எளிதாக ஊதப்படும் விசில் அங்கே தயங்குகிறது. விதியில் அப்படிப்பட்ட சலுகை எதுவும் இல்லை.

சர்ச்சைக்குரிய தீர்ப்புகள்

1982 உலகக்கிண்ண அரையிறுதி செவில்லியாவில் நடைபெற்றது. பிரான்சின் பத்ரிக் பத்திஸ்தோன் பந்தை உதைத்த பின், ஓடிவந்து பாய்ந்த மேற்கு செருமனியின் கோல் காவலர் அரால்ட் சூமாக்கர் அவர் மேல் மோதினார். பத்திஸ்தோன் நினைவிழந்தார்; பற்கள் உடைந்தன, முதுகெலும்புக் கணு ஒன்றும் பாதிக்கப்பட்டது. டச்சு நடுவர் சார்ல்ஸ் கோர்வர் தவறு எதுவும் வழங்கவில்லை. ஆட்டம் கோல் உதையுடன் தொடர்ந்தது. மேற்கு செருமனி தண்ட உதைகளில் வென்றது. சூமாக்கரின் நோக்கம் என்ன என்று அன்று முதல் விவாதிக்கப்படுகின்றது. இன்றைய அளவுகோலில் அக்கேள்விக்கு இடமே இல்லை.

2010 இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யொங், எசுப்பானியாவின் சாபி அலொன்சோவின் மார்பில் உதைத்தபோது நடுவர் அவார்ட் வெப் மஞ்சள் அட்டையே காட்டினார். தன் பார்வை மறைக்கப்பட்டிருந்ததாகவும், அது சிவப்பு அட்டைக்குரியது என்றும் அவர் பின்னர் கூறினார்.

இத்தகைய தவறுகளைத் திருத்தும் நிகழ்பட உதவி நடுவர் முறை 2018 இல் விதிகளில் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு உலகக்கிண்ணத்தில் பயன்படுத்தப்பட்டது. மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது எந்த மோதலும் உள்ளதை விடக் கொடியதாகவும் வேண்டுமென்றே செய்ததாகவும் தோன்றும். எனவே தொடுகை எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதை அறிய மட்டும் மெதுவோட்டத்தையும், மோதலின் கடுமையை மதிப்பிட இயல்பான வேகத்தையும் பயன்படுத்த வேண்டும் என்று இம்முறையின் வழிகாட்டல் கூறுகின்றது.