பருவமழை பொய்த்தால் பறவைகள் கூடு கட்டாதா? வெள்ளோடு குளத்தின் கணக்கு இதுதான்

ஈரோட்டில் இருந்து சென்னிமலை போகும் வழியில் இருக்கிறது வெள்ளோடு பறவைகள் சரணாலயம். 2022-ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட குளம் இது. இங்கே கூடு கட்டும் கூழைக்கடா காலண்டர் பார்ப்பதில்லை. தண்ணியும் மீனும் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

ஏன்? முட்டை பொரிக்கச் சுமார் 30 நாள். குஞ்சு பறக்க அதற்கு மேல் ஏறக்குறைய மூன்று மாதம். ஆக, நான்கு மாதமாவது குளத்தில் தண்ணீர் நிற்கணும். கொங்கு மண்டலமோ மழை மறைவுப் பகுதி. பெரிதும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை. 2016-ல் தமிழகத்தில் அது இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது.

இப்படிப்பட்ட ஆண்டில் பெரிய நீர்ப்பறவைகள் கூடு கட்டாமலே விட்டுவிடுவதும் உண்டு. நமக்கு இது நஷ்டமாகத் தெரியும். ஆனால் அவற்றுக்கு ஆயுள் நீளம். அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம்.

தூக்கணாங்குருவி கதை வேற. அடைகாப்பு இரண்டு வாரம், குஞ்சு வெளியேற இன்னும் இரண்டரை வாரம் போல. கொஞ்ச நாள் மழை பெய்து புல் விதை பிடித்தாலே வேலை முடிந்துவிடும். ஆனால் ஆயுள் குறைவு, வருஷத்தைத் தவறவிட முடியாது.

கூழைக்கடாவுக்கு அடி விழுவது வறட்சி அடுத்தடுத்து வரும்போதுதான். குஞ்சுகள் சேராமல் கிழப் பறவைகள் மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று, குளம் எப்போதும் தளும்பி நின்றாலும் சிக்கலே. மஞ்சள்மூக்கு நாரை ஆழமில்லாத தண்ணீரில் நின்றுதான் மீன் பிடிக்கும்.